கையைக் கட்டிக்கொண்ட டீச்சர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு மற்ற டீச்சர்கள் நாங்கள் வைத்த பெயர் பாலம் டீச்சர். அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அந்தப் பக்கம் ஏதாவது தொபுக்கென்று விழும். முப்பது பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகக் கத்தும். இந்தப் பக்கம் நான் சொல்லும் வாய்ப்பாட்டை யார் கேட்பார்கள்? தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் சொன்னது நான்தான். அதை ஒளிப்பானேன்?

அவள் நடத்தியது இதுதான். பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, டேப் ஒட்டி, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே பிள்ளைகள் பாலம் கட்ட வேண்டும். எத்தனை கணக்கு நோட்டு தாங்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். விழுந்தால், “எந்த இடம் முதல்ல வளைஞ்சுது?” என்று மட்டும் கேட்பாள். அந்த நேரம் முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பாள். பாலம் கோணலாக நின்றாலும் தொடமாட்டாள்.

“கையைக் கட்டிக்கிட்டு உலாத்துறதுக்குப் பேரு பாடமா?” என்று ஒருநாள் சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. “பத்து வயசுல எங்க வீட்டு இஸ்திரிப்பெட்டி சூடாகல. நான்தான் கழட்டினேன். ஒயர் அறுந்த இடத்தையும் கண்டுபிடிச்சேன். அதுக்குள்ள எங்க அண்ணன் வந்து, ‘தள்ளு, உனக்கென்ன தெரியும்’னு பிடுங்கிட்டான். அவன் மாட்டினான், எல்லாரும் அவனை மெச்சினாங்க. அதுக்கப்புறம் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதே இல்ல.”

சீண்டியதற்கு வெட்கப்பட்டேன். ஆனால் என் புகார் அதற்குள் வேலையைக் காட்டிவிட்டது. அவள் வகுப்புச் சுவரிலிருந்த கால அட்டவணையில் அந்தப் பீரியடைத் தலைமையாசிரியர் பென்சிலால்தான் எழுதியிருந்தார். “வர்ற வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். உருப்படியா ஒரு பாலம் நின்னா பேனாவால எழுதிடறேன். இல்லேன்னா அழிச்சிட வேண்டியதுதான்” என்றார் அவளிடம்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் சமாதானமாக நாலு வார்த்தை பேசலாமென்று போனேன். மறுநாள் காட்டுவதற்காக அன்று காலை நான்கு பிள்ளைகள் கட்டிய பாலத்தின் முன்னால் அவள் மண்டியிட்டிருந்தாள். கை பின்னால் இல்லை. காகிதக் குழாய்க்குள் இரும்புக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு விழுந்தா எல்லாம் போச்சு” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

“எல்லாம் என் வாயால வந்த வினை. கொடு, அந்த முனையை நான் பிடிக்கிறேன்” என்றேன். பிடிக்கவும் செய்தேன்.

மறுநாள், பிள்ளைகள் எழுதிவைத்த பதினாறு நோட்டையும் பாலம் தாங்கியது. இருபதைத் தாங்கியது. முப்பது ஆனதும் தலைமையாசிரியர் கைதட்டினார். கட்டிய நான்கு பேர் மட்டும் தட்டவில்லை. அவர்களில் முன்பல் விழுந்த ஒருத்தி நெற்றியைச் சுருக்கினாள்.

“டீச்சர், இது ஏன் விழல?”

“நல்லாக் கட்டியிருக்கீங்கம்மா, அதான்” என்றார் தலைமையாசிரியர்.

“இல்ல சார். பதினாறுன்னு எழுதியிருக்கோம். எங்கேயோ தப்பு நடந்திருக்கு.”

நோட்டுகளை இறக்கிவிட்டுப் பாலத்தைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. ஒரு குழாயின் டேப்பைப் பிரித்தாள். கம்பி தலைநீட்டியது.

சொல்வதற்கு ஒரு பொய்கூடத் தயாராக வைத்திருந்தேன். பாலம் டீச்சர் முந்திக்கொண்டாள்.

“நான்தான் வெச்சேன். விழுந்துடுமோன்னு பயந்துட்டேன். உங்க வேலையை உங்க கையிலேருந்து பிடுங்கிட்டேன், தப்பு. கம்பியை உருவிட்டு மறுபடி அடுக்குங்க.”

எனக்கு அந்த இஸ்திரிப்பெட்டி ஞாபகம் வந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அப்போ இவ்வளவு நேரம் நடந்தது நாடகமா?” தலைமையாசிரியரின் முகம் கறுத்துவிட்டது. அதற்குள் பிள்ளைகள் கம்பிகளை உருவி எறிந்துவிட்டு, குழாய்களைத் திரும்ப ஒட்டி, அடுக்கவே தொடங்கிவிட்டார்கள்.

பதினான்கு. பதினைந்து. பதினாறில் நடுப்பகுதி தொய்ந்தது. தலைமையாசிரியரின் கை தன்னையறியாமல் தாங்கப் போனது.

“சார், கை!” என்று அதட்டினாள் பல் விழுந்தவள்.

அவர் சட்டென்று கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன்.

பதினேழில் பாலம் விழுந்தது. “பதினாறு! பதினாறேதான்!” என்று வகுப்பே குதித்தது. பல் விழுந்தவள் அதற்குள் தரையில் உட்கார்ந்து உடைந்த குழாயைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“நடுவுல ஒட்டின இடந்தான் முதல்ல வளைஞ்சுது.”

தலைமையாசிரியர் அவள் பக்கத்தில் குந்தினார். “அந்த இடத்துல இன்னொரு குழாய் வெச்சா நிக்குமா?”

“வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும் சார். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க.”

அவர் எழுந்து சுவரோரம் போனார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின்மேல் நிதானமாக எழுதினார். பாலம் டீச்சரின் கன்னமெல்லாம் ஈரம். துடைத்துக்கொள்ளவில்லை. கை இன்னும் பின்னால்தான் இருந்தது.