மழை வந்த பிறகு வெட்டிக்கொள்கிறேன் என்றவர்

மழை பொய்த்ததற்கு ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்க முடியும் என்று நம்புகிறீர்களா? இல்லை என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அப்படியானால் கலையரசியின் தோட்டத்துக்குப் போன தண்ணீரை அடைத்தவர்கள் யார்?

கலையரசி ராசிங்காபுரத்துக்காரர். கணவர் இறந்த பிறகு, போடிமெட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும் சின்ன ஏலக்காய்த் தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறார். கூலிக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துத்தான் மலையேறுவார். அந்தச் சரிவுத் தோட்டங்கள் எல்லாம் ஒரே ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டுப் பங்கிட்டுக்கொள்கின்றன.

வைகாசிக் கடைசியில் மலைச்சாமிக்குக் கிடா வெட்டி, அன்றே எல்லாத் தோட்டங்களிலும் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது அங்கே வழக்கம். காரணம் இருந்த வழக்கம்தான். ஆனியில் சாரல் பிடித்தால் மேகம் மூடிவிடும். செடிக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் மழை இப்போதெல்லாம் காலண்டர் பார்த்து வருவதில்லை. கணவர் உயிரோடிருந்த கடைசி வைகாசியில் கிளைகளைக் கழித்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வெயில்தான் இறங்கியது. காய் பிடிக்க வேண்டிய பூச்சரங்கள் கருகின. கலையரசிக்குப் பாதித் தோட்டம் போயிற்று. மீதியும் போனால் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை.

அதனால் சென்ற ஆண்டு அவர் தன் மரங்களில் அரிவாள் வைக்க விடவில்லை. மழை வந்த பிறகு வெட்டிக்கொள்கிறேன் என்றார். செடிகளின் தூரில் சருகைக் கனமாகப் பரப்பினார். பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். மலையில் அதைப் படுதாக்குளம் என்பார்கள். கிளை கழிக்க வந்தவர்கள், செடிக்குக் குடை பிடிக்கிற மகராசி என்று கேலி பேசிப் போனார்கள்.

அந்த ஆண்டும் மழை தள்ளிப்போனது. மற்ற தோட்டங்கள் வெந்தன. கலையரசியின் செடிகள் வாடின, சாகவில்லை. இதைப் பார்த்து யோசித்திருக்க வேண்டியவர்கள் கூட்டம் போட்டார்கள். சாமி காரியத்தை மீறியதால் மழை போய்விட்டதாம். அதிலும் தாலியறுத்தவள் மீறியது பெருங்குற்றமாம். சாமி முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் தண்ணீர் என்று முடிவாயிற்று.

தண்ணீர்ப் பங்குக்குத் தலைவரான ஜக்கையன் தணிவாகத்தான் சொன்னார். "விழுந்து எந்திரிச்சா சோலி முடிஞ்சது தங்கச்சி. வெரசா வா, வீட்டுக்குப் போவோம்."

கலையரசி எழுந்து நின்றார். "முந்தின வருசம் எல்லாரும் சேந்துதான வெட்டுனோம். எம்புருசனும் இருந்தாரு. அப்பயும் மழை வரலையே, அது யாரு குத்தம்ணே?"

பின்னாலிருந்து பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுமணி, "தோட்டந்தான் கருகுது, இவ வாய் கருகல" என்றார்.

"அதுக்கும் நெழலு வச்சிருக்கேன் மதினி."

மறுநாள் கலையரசியின் தோட்டத்துக்குப் போகும் குழாயின் வால்வைப் பூட்டிவிட்டார்கள். குளத்துத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு செடி செடியாக ஊற்றினார். ஆடி பாதியில் மழை இறங்கிய பிறகுதான் கிளைகளைக் கழித்தார். காயும் எடுத்தார்.

இந்த ஆண்டு ஜக்கையன் உட்படப் பலரும் மழை பிடிக்கட்டும் என்று காத்திருந்துதான் வெட்டினார்கள். கலையரசியின் வழியை எடுத்துக்கொண்டார்கள்; அவர் மேல் போட்ட பழியை எடுக்கவில்லை. வால்வு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. குளத்தில் இருப்பது மழைநீர் மட்டும். மாசிக்குள் வற்றிவிடும். விழுந்து கும்பிட்டால் திறப்பார்கள். அவர் விழமாட்டார்.

தை மாதம் தண்ணீர்ப் பங்குக் கூட்டம் போடியில் கூடுகிறது. அந்த ஓடையில் உங்களுக்குப் பங்கிருந்தால் வாருங்கள். வால்வைத் திறக்கச் சொல்லிக் கையைத் தூக்குங்கள். பங்கில்லாதவர்கள், தெரிந்த பங்குக்காரர் ஒருவரைப் பேச வைத்து அனுப்புங்கள்.