சிறுநீரகம் தந்த சிங்கம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். திண்டிவனத்தில் என்னைப் பாராட்டி வைத்த பேனருக்குப் போட்டோ கொடுத்தவனே நான்தான். அதுவும் தலையில் முடி இருந்த காலத்துப் போட்டோ. தம்பிக்கு நான் ஒரு கிட்னி கொடுத்ததற்காக, அவன் தெருக்காரர்கள் 'சிறுநீரகம் தந்த சிங்கமே' என்று அச்சடித்து, எனக்குச் சால்வையும் போர்த்தினார்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, என் ஆபரேஷன் நடந்த அதே வாரம் தன் கணவருக்குக் கிட்னி கொடுத்த பெண்ணைப் பார்த்தேன். பேனரை செல்லில் காட்டி, "உங்க ஊர்ல இன்னாம்மா பண்ணாங்க?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"புருஷனுக்குத்தானே குடுத்தா? அதுக்கு மேளமா அடிப்பாங்க? நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்க ஆளு கெடைக்கல, இவ படுத்துக்கினு கெடக்கறா. நாளைக்கு நெலத்துக்கு இட்டுக்கினு போவப் போறேன்."

அந்தப் பெண் தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னைக் குடம்கூடத் தூக்காதன்னாரு டாக்டரு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் வயிறு இரும்பா?" என்று கத்தினேன். டாக்டரையே கூட்டிவந்து, அவர் வாயால் அந்த அம்மாவுக்குச் சொல்ல வைத்த பிறகுதான் நகர்ந்தேன்.

விழுப்புரத்தில் வீடு வந்து சேர்ந்தும் ஆறவில்லை. "பொம்பளைன்னா அவ்ளோ இளக்காரமா?" என்று மனைவியிடம் குதித்தேன்.

அவள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"ரொம்பக் குதிக்காதீங்க. மொதல்ல உங்க தம்பி பொண்டாட்டிக்குத்தான் டெஸ்ட் எடுத்தாங்க. அவளோடது சேரலன்னு சொல்ற வரைக்கும் நான் தரேன்னு நீங்க வாயத் தொறந்தீங்களா?"