வெட்டுவதற்கு முன் ஒரு படம்

பூச்சி தின்னும் குடுவைச் செடிகளைக் காடுகளிலும் தோட்டங்களிலும் தேடிப் படமெடுப்பவன் நான். தெமோதரையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் அப்படி ஒன்று வளர்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன்.

வீட்டுக்கார அக்கா கத்தரிக்கோலோடு செடியருகே நின்றார். மகளுக்கு டெங்குவாம். தகப்பனோடு பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம்.

"குடுவையெல்லாம் தண்ணி நிக்குதுங்க. புழு நெளியுது. வெட்டப்போறேன்," என்றார்.

அது கொசுவையும் தின்னும் என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டிப் பார்த்தால், புழுக்கள் உயிரோடு நெளிந்தன. டெங்குக் கொசுவின் புழுதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பொறுங்கள், படமெடுக்க வேண்டும் என்று கேட்கவும் நாக்கு கூசியது.

அவரே சொன்னார்: "மொதல்ல ஒரு போட்டோ எடுத்துருங்க தம்பி. மக ஆசையா வளத்தது. வந்து கேப்பா."

கேமராவை உயர்த்தியபோது வீட்டுக்குள் போன் அடித்தது. அவர் ஓடினார். நான் கேமராவை இறக்கினேன்.

"காய்ச்சல் விட்டுருச்சாம். ஆனா டெங்குல காய்ச்சல் விட்ட பொறகுதான் ஆபத்தாம், இனித்தான் கவனமா பாக்கணுமாம்," என்றபடி திரும்பி வந்தார்.

படமெடுத்தேன். பிறகு அவர் செடியைப் பிடிக்க, நானே குடுவைகளை வெட்டினேன். மகள் தேறி வீடு வரும்வரை தினமும் போன் செய்தேன்.

இப்போதெல்லாம் ஒரு வாசலில் கேமராவை எடுக்குமுன், வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன்.