ஆர்ச்சியின் ஒரே உதை

என் தங்கை லெட்டியின் புருஷன் ஆர்ச்சி மக்ஃபெட்ரிஜ் அயர்லாந்துக்காகக் கால்பந்து ஆடியவன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஆடினான். ஒரே ஒரு ஆட்டம்; இங்கிலாந்தோடு, எங்கள் பெல்ஃபாஸ்டிலேயே. இடது ஓரத்தில் ஆட வேண்டியவனுக்கு அன்றைக்குக் கல்யாணம். மாமியார்க்காரி தேதியை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் நூல் மில்லில் என்னோடு வேலை பார்த்து, மில் அணியில் ஆடிக்கொண்டிருந்த இவனைப் பிடித்துப் போட்டார்கள்.

காலையில் ஓட்ஸ் கஞ்சியை ணங்கென்று வைத்துவிட்டு லெட்டி சொன்னாள்: "மூணு வருஷமா ஒன் சேத்து டவுசரத் தொவைக்கிறேன். நீ பந்தத் தொட்டு ஒருத்தரும் பாத்ததில்லயாம், மில்லே சிரிக்குது. இன்னைக்கு ஒரு தடவையாவது தொட்டுட்டு வா. இல்லேன்னா இனிமே நீயே தொவச்சுக்கோ."

பாவம், எப்படித் தொடுவான்? பந்துதான் எங்கள் கோலை விட்டு நகரவே இல்லையே! கோல் வாங்கியவர்கள் நடுவில் வைத்து மறுபடி உதைக்க வேண்டும். அதையும் நடு ஆட்டக்காரன் டேவி கில்லனே உதைத்தான். ஒன்பதாவது கோல் விழுந்ததும் ஆர்ச்சி அவனிடம் ஓடினான்.

"டேவி, இந்த ஒரு தடவ நான் ஒதைக்கிறேன்டா."

"போடா! எனக்கே இதுலதான் பந்து கண்ணுல படுது. அடுத்த கோல் விழட்டும், நீ ஒதச்சுக்கோ."

ஆர்ச்சி மைதான ஓரக் கயிற்றருகே, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றான். உதடு முணுமுணுத்தது.

"என்ன மாப்ள, ஜெபமா?"

"ஆமா மச்சான்."

"இனிமே கோல் விழக்கூடாதுன்னா?"

அந்த நேரம் இங்கிலாந்துக்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. "அடச்சே!" என்றான் ஆர்ச்சி. பக்கத்திலிருந்தவர் என்னை முறைத்தார்.

பத்தாவதும் விழுந்தது. மைதானமே தலையில் கை வைத்தது. ஒருவன் மட்டும் துள்ளிக்கொண்டு நடுவுக்கு ஓடினான். உதைத்தான். பந்து இரண்டு முழம் உருண்டு நின்றது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

"தொட்டியா?" என்றாள் லெட்டி, நாங்கள் இருவரும் வீடு சேர்ந்ததும் வாசலிலேயே.

"தொட்டேன்" என்றவன் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "இங்கிலாந்து இன்னொரு கோல் போடணும்னு வேண்டிக்கிட்டேன் லெட்டி. பாவி நான்."

"எனக்காகவா?"

"ஒனக்காகத்தான்."

அவள் டவுசரைக் கழற்றச் சொல்லி வாங்கித் தொட்டித் தண்ணீரில் முக்கினாள்.

"அதுல ஒரு பொட்டுச் சேறுகூட இல்லயே" என்றேன்.

"நீ சும்மா இருண்ணே. அயர்லாந்துக்கு ஆடுன டவுசர்" என்று சோப்புப் போட ஆரம்பித்தாள்.