நேரான கோடு

காலையில் முகம் கழுவினதும் அவள் செய்கிற முதல் காரியம், புருஷனுடைய வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதுதான். மூன்று வருஷமாக இதே பாடு. கட்டை அவிழ்த்து, கொதிக்க வைத்து ஆறின உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, ஒற்றி எடுத்து, புதுத் துணி வைத்துக் கட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் அவர் யார் யாருக்கோ முடிவெட்டின கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். சலூன் வைத்திருக்கிற மனுஷனுக்கு வாயைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! "டாக்டரம்மா இன்னைக்கு என்ன சொல்றாங்க?" என்று கேலி வேறு. கடைக்கு வருகிறவர்கள்கூட அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

புண் எதனால் வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு முடித்துணுக்கு. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடையில் நின்றபோது, வெட்டி விழுந்த முடி ஒன்று உள்ளங்காலில் ஊசி மாதிரி ஏறிவிட்டது. சர்க்கரை உள்ள காலுக்கு உணர்ச்சி ஏது? பத்து நாள் கழித்துச் செருப்பில் ஈரம் இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் கட்டைவிரலுக்கு அடியில் புண் இருப்பதே தெரிந்தது. ஆறும், மறுபடி சீழ் வைக்கும். போன வருஷம் சீழ் எலும்பு வரைக்கும் போய், இரண்டாவது விரலை எடுத்தார்கள். அடுத்த தடவை இப்படி ஆனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மனுஷன் அழுததை அவள் கேட்டாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

நிற்கக் கூடாது என்பது உத்தரவு. உட்கார்ந்துகொண்டு எப்படி முடிவெட்டுவது? உயரமான முக்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். அதன்மேல் துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றபடியே வெட்டினார், மகராசன். சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடையை மூடினால் நான் யார் என்று ஒரு நாள் கேட்டார். அதற்குப் பிறகு அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற சிஸ்டர்தான் அவளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவர். கண்ட பொடியைத் தூவாதே, லோஷனை ஊற்றாதே, நாற்றம் மாறினால் வா, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. எல்லாவற்றுக்கும் மேலே, கோடு. புண்ணைச் சுற்றிச் சூடும் வீக்கமும் எதுவரை இருக்கிறதோ, அதன் ஓரமாகப் பேனாவால் கோடு போட வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது என்பதால், புறங்கையை வைத்துச் சூட்டைத் தடவிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பாதத்தின் மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. தொட்டால் சுட்டது. நீலப் பேனாவை எடுத்துக் கோடு போட்டாள். அவளுக்குக் கை நடுங்கும். கோடு எப்போதும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். அவரைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சிஸ்டர் சீழைப் பஞ்சில் ஒற்றிச் சோதனைக்கு அனுப்பி, மாத்திரை வாங்கிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

"அதுக்குள்ள இந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னா, குளிச்சுட்டு வரலாம், சாப்பிட்டுட்டு வரலாம்னு இருக்காதீங்கம்மா. போட்டது போட்டபடி கிளம்பி வந்துடுங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் கட்டை அவிழ்த்தாள். வீக்கம் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. ஒரு மூச்சு விட்டாள். பிறகு கோட்டைப் பார்த்தாள்.

கோடு நேராக இருந்தது. பிசிறு இல்லை, நெளிவு இல்லை. பிடரியில் சவரக்கத்தியால் இழுத்து விடுவாரே, அந்த மாதிரி ஒரே இழுப்பில் போட்ட கோடு. தொடங்கின இடமும் முடிந்த இடமும் கச்சிதமாக ஒட்டியிருந்தன. கடையில் கத்தி துடைக்கிற ஸ்பிரிட்டின் வாடை லேசாக வந்தது.

"பாத்தியா, மருந்து வேலை செய்யுது," என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

கோட்டைத் தாண்டவில்லை என்று அவளும் சொல்லித் துணியை வைத்துக் கட்டினாள். நேற்று நம் கைதான் கொஞ்சம் நிதானமாக இருந்ததோ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பச்சைப் பொய். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலோடு திரும்ப மாட்டார் என்று தெரியும். போகாமல் இருந்தால், ஒருவேளை, மாத்திரை கேட்டுவிடலாம் இல்லையா? புதன்கிழமை கோடு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. அன்றைக்கும் அதே நேர்த்தி. அன்றைக்கும் கட்டினாள். வியாழக்கிழமை மத்தியானம் அவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை போர்த்தினாள். விடிந்தால் வெள்ளிக்கிழமைதானே, அவர்களே வரச் சொன்ன நாள்தானே என்றாள். அவர் ஒரு கதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கணுக்காலுக்கு மேலே இருந்த கோட்டை விரலால் தடவினார். அதற்குக் கீழே அழிபட்ட நீலத் திட்டுகள் இரண்டு இடத்தில் தெரிந்தன.

"இந்தக் கோட்டை யார் போட்டது?"

"நான்தான் சிஸ்டர்," என்றாள்.

மூன்று வருஷத்தில் ஒரு கடிந்த சொல் சொல்லாதவர், அன்றைக்கு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரித் திட்டினார். இத்தனை சொல்லிக்கொடுத்தும் மனுஷனைக் கொல்லப் பார்த்தாயே என்றார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, கோட்டைத் தாண்டின அன்றைக்கே வந்திருந்தால் பாதத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். டாக்டர் வந்து கையெழுத்து வாங்கினார். தடிப் பேனா ஒன்றை எடுத்து, முழங்காலுக்கு நாலு விரல் கீழே கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

அவர் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு," என்றார்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மெதுவாகக் கேட்டார்:

"அது நான் போட்டதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்று சிஸ்டர் கேட்டபோதுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் போட்டு, அவரை உள்ளே அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெரியும்ங்க."

அவர் கையை நீட்டி அவள் மடியில் வைத்தார், தினமும் கால் இருக்கிற இடத்தில். அதைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும்போதே தள்ளுவண்டி வந்துவிட்டது. அவள் எழுந்து, போர்வையை இழுத்து அந்தக் கோட்டின்மேல் மூடிவிட்டாள்.