ஏரியில் இறங்கிய தண்ணி பைக்

உத்திரமேரூர் ஏரி நிரம்பி வழிந்து கோடி போவதை ஊர்க்காரர்கள் ஒரு விசேஷம் மாதிரி சொல்வார்கள். ஏனென்றால் அது எல்லா வருஷமும் நடக்கிற காரியமில்லை. பாதி வருஷம் ஏரிக்குள்ளே மாடு மேயும், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், அதுவும் கத்திரி வெயிலில், ஒரு மனுஷன் கடலில் ஓடுகிற வண்டியை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினால் ஜனம் சும்மா இருக்குமா? பஜாரில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. குத்புதீனுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றார் ஒருத்தர். வெளிநாட்டுத் தண்ணி குடித்தவனுக்கு உள்ளூர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருத்தர்.

வண்டியைப் பார்க்கவும் பரிதாபமாகத்தான் இருந்தது. மஞ்சள் நிறம் வெளுத்துப்போய், சீட்டு கிழிந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டு கிடந்தது. மூடியைத் திறந்தால் இன்ஜின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வயர் முனைகளில் பச்சைக் களிம்பு. புகைக்குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இனி ஓடாது என்று ஓரங்கட்டிய வண்டி அது. அதன் மேனேஜர் ஜான்சன் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "இத ஓட வச்சிக் காட்டுங்க பாய். பின்னால இன்னும் இதே மாதிரி செத்துப் போனது நெறைய கீது. எல்லாத்தையும் உங்க கையில குடுத்துடறேன்."

குத்புதீனின் மனைவி ஜாஹிதா வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"ஜெட் ஸ்கீ. தண்ணி மேல ஓடற பைக்கு."

"தண்ணி எங்க கீது?"

"ஏரி கீதே."

"ஏரியில மாடு மேயுதுங்க," என்றாள் ஜாஹிதா. அதோடு உள்ளே போய்விட்டாள். அவள் சுபாவம் அது. நாலு வார்த்தைக்கு மேல் வீணாக்க மாட்டாள்.

குத்புதீனுக்கு இந்த வண்டி மேல் ஏன் இத்தனை பித்து என்று கேட்டால், அது பத்தொன்பது வருஷத்துக் கதை. வளைகுடாவில் ஒரு கடற்கரை. வாடகைக்கு ஜெட் ஸ்கீ விடுகிற ஒரு அரபியிடம் அவன் மெக்கானிக். ஷெட்டுக்குள் அவன் கைபடாத வண்டி கிடையாது. சத்தத்தைக் கேட்டே எதில் என்ன கோளாறு என்று சொல்வான். ஆனால் ஒரு நாள், ஒரு நிமிஷம்கூட ஒன்றின் மேலேறித் தண்ணீரில் போனதில்லை. நீச்சல் தெரியாதவன் வண்டியில் ஏறக் கூடாது என்பது அரபி போட்ட சட்டம். மழை பார்க்காத ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? அவன் சரிபண்ணிய வண்டியை வேறு எவனாவது ஓட்டிப் பார்ப்பான். குத்புதீன் கரையில் நின்று, அது அலையைக் கிழித்துக்கொண்டு போவதை வாயைப் பிளந்து பார்ப்பான். ஆயிரம் தடவை பார்த்திருப்பான். ஒரு தடவைகூட அலுத்ததில்லை.

அவன் ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்தவனுக்கு இங்கே எந்த வேலையிலும் மனசு ஒட்டவில்லை. மச்சினன் அசீமின் செருப்புக் கடையில் உட்கார்ந்து பார்த்தான். வருகிறவர்களின் காலைப் பார்த்து எட்டா ஒன்பதா என்று சொல்வதில் அவனுக்கு என்ன சுகம்? அந்த நேரம் பார்த்து அரபியிடமிருந்து போன் வந்தது. திரும்பி வா, விசா தயார், மழைக்காலம் முடிவதற்குள் சொல்லு. குத்புதீன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வண்டி ஓடினால் ஜான்சனின் வேலைகளை எடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம். ஓடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதை ஜாஹிதாவிடம் ஒரு தடவை சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் மனசில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை. இன்ஜின் என்றால் மூடியைத் திறந்து பார்க்கலாம்.

கோடை முழுக்க வேலை நடந்தது. உப்பைக் கழுவிக் கழுவியே குழாய்த் தண்ணீர் தீர்ந்தது. வயர் முனையில் இருந்த களிம்பு எந்த மருந்துக்கும் அசையாமல் இருந்தபோது, ஜாஹிதா பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற புளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பளபளவென்று செம்பு தெரிந்தது. பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் சென்னையிலிருந்து வந்தன. எல்லாம் பூட்டி முடித்து, முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுகிற நாளில் அவனுக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

இந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ, அதையே இழுத்துத்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். தரையில் ஓட்ட வேண்டுமானால் ஹோஸ் பைப்பு சொருகித் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் இன்ஜின், அப்புறம் தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் இன்ஜின். மாற்றிச் செய்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் புகுந்து எல்லாம் பாழ். குத்புதீன் இதை மனைவியிடம் விளக்கிச் சொல்லிவிட்டு, பயத்தில் மறுபடியும் விளக்க ஆரம்பித்தான்.

"ஒரு தபா சொன்னா போதும்," என்றாள் ஜாஹிதா, குழாய் மேல் கையை வைத்துக்கொண்டு.

பட்டனை அழுத்தினான். இருமியது. மறுபடி அழுத்தினான். மூன்றாவது அழுத்தலில் பிடித்துக்கொண்டது பாருங்கள், தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது. ஜாஹிதா அந்த நொடியில் குழாயைத் திறந்தாள். அவன் தலையசைத்ததும் மூடினாள். அவன் இன்ஜினை நிறுத்தினான். குத்புதீனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜாஹிதா மட்டும் குழாயை விட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போன்ல பேசும்போதெல்லாம் பின்னாடி கேக்கும். பக்கத்துல மாவு மிஷின் கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மாவு மிஷினுக்குப் பக்கத்தில் நின்று தன் புருஷன் பேசுவதாக இத்தனை வருஷம் ஒருத்தி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அது என்ன சத்தம் என்று சொல்ல அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஒரு காலையில் மதகு திறந்து மூடுகிற எல்லப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"பாய், ஏரி கோடி போவுது. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தான். மாடு மேய்ந்த இடமெல்லாம் தண்ணீர். கரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் பக்கம், கல்கட்டு மேல் வழிந்து விழுகிற இரைச்சல் கரையில் பேசுகிற பேச்சை விழுங்கியது. குத்புதீன் சுப்ஹானல்லாஹ் என்றான்.

பாசன சங்கத்துக்காரர்கள் ஒரு காலை நேரம் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அசீமும் எல்லப்பனும் தள்ளிக் கொடுக்க, வண்டி கரையிறங்கியது. ஜாஹிதா கரை மேல் நின்றாள். எல்லப்பன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"காத்தாடி எங்க பாய் கீது? போட்டுன்னா பின்னாடி காத்தாடி இருக்கும் இல்ல?"

"உள்ள பம்பு கீதுண்ணா. உங்க கழனி மோட்டார் மாதிரிதான். அது நின்ன எடத்துல நின்னுக்கினு தண்ணிய தள்ளுது. இது தண்ணிய தள்ளிட்டுத் தானே முன்னாடி போவுது."

எல்லப்பன் வெகுநேரம் வண்டியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் அந்தத் தண்ணியே பண்ணுதா," என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு சாமந்தி மாலையை எடுத்தார். "புதுசா ஏரியில எறங்குது. மாலை போடாம எறக்கக் கூடாது."

இங்கேதான் குத்புதீன் கோட்டை விட்டான். அடியில் இருக்கிற பம்பு அகப்பட்டதையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? கயிறு, துண்டு, வலை என்று எத்தனை எத்தனை பிடுங்கி எடுத்திருக்கிறான். ஆனாலும் ஆசையாகப் பெரியவர் கொண்டுவந்த மாலையை எப்படி வேண்டாம் என்பது? ஹேண்டில் மேல் போட்டுவிட்டுக் கிளம்பினான். லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டினான். போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டினான். இன்ஜின் கயிற்றின் ஒரு முனையை வண்டியில் சொருகி, மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் தானாக நின்றுவிடும்.

ஆக்சிலேட்டரைத் தொட்டான். வண்டி மூக்கைத் தூக்கியது, அப்புறம் படிந்து ஓட ஆரம்பித்தது. அட, அட, அதை எப்படிச் சொல்ல? தண்ணீர் கண்ணாடி மாதிரி வழிவிட்டது. காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. கொக்குக் கூட்டம் ஒன்று எழுந்து அவனோடு சேர்ந்து பறந்தது. கரையில் நின்று ஆயிரம் தடவை பார்த்தது ஒன்று, மேலே உட்கார்ந்து போவது வேறு ஒன்று என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கால் முதல் தலை வரை புல்லரித்தது. ஒரு பெரிய வட்டமாகத் திருப்பினான்.

திருப்பியதில் மாலை நழுவியது.

இன்ஜின் ஓவென்று அலறியது, வண்டி நகரவில்லை. சூடு ஏறுகிற எச்சரிக்கை பீப் பீப் என்று கத்தியது. கயிற்றைப் பிடுங்கி நிறுத்தினான். ஏரி நிசப்தமாகிவிட்டது. அப்போதுதான் கலங்கலின் இரைச்சல் காதில் விழுந்தது. வண்டி அந்தப் பக்கமாக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. ஜாஹிதா.

"இன்னாங்க ஆச்சு?"

"மாலை அடியில பூந்துக்கிச்சு. நைலான் நூலு பம்புல சுத்திக்கிச்சு. யாராவது முழுகி அறுத்து எடுத்தாத்தான் ஆவும்."

"நீங்க எறங்கி எடுக்க முடியாதா?"

"ஜாக்கெட்ட கழட்டுனாத்தான் முழுக முடியும். கழட்டுனா நான் முழுகிப் பூடுவேன். எல்லப்பன் அண்ணன கேளு."

"அவருக்குப் போன மாசம்தான் வயித்துல ஆபரேஷன் ஆச்சு. அசீமுக்கும் நீச்சல் வராது."

கலங்கல் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அந்தப் பக்கம் விழுந்தால் கல் மேல் வண்டி சுக்கு நூறாகிவிடும். அவனும்தான். இன்ஜின் சத்தம் இல்லாத போனில் மனைவியின் மூச்சு தெளிவாகக் கேட்டது. இத்தனை வருஷப் பேச்சில் அது அவனுக்குக் கேட்டதே இல்லை.

"ஜாஹிதா," என்றான். "அவ்ளோதான் போல. வண்டி போச்சுன்னா நான் திரும்பிப் போவ வேண்டியதுதான்."

"இருங்க," என்றாள். போன் அறுந்தது.

கரையில் அவள் பர்தாவைக் கழற்றுவது தெரிந்தது. போனோடு சேர்த்து அதை அசீம் கையில் திணித்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். எல்லப்பனிடம் எதையோ வாங்கிச் செருகிக்கொண்டாள். அப்புறம் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. அதற்கப்புறம் அவள் நடக்கவில்லை.

குத்புதீன் எழுந்து நிற்கப் பார்த்து, வண்டி ஆடியதால் உட்கார்ந்தான். அவன் மனைவி நீந்திக்கொண்டு வந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையை நீட்டி நீட்டிப் போட்டு, அவசரமே இல்லாமல், நேராக அவனைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். கடலில் எத்தனையோ வெள்ளைக்காரர்கள் நீந்துவதைப் பார்த்தவன்தான் அவன். இந்த மாதிரி அவன் எதையும் பார்த்ததில்லை.

வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"எங்க மாட்டிக்கினு கீது?"

"அடியில சல்லடை மாதிரி கம்பி இருக்கும். அதுக்கு உள்ள."

"கையை வுட்டா சுத்துமா?"

அவன் இன்ஜின் கயிற்றைத் தன் மணிக்கட்டிலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினான். அது இல்லாமல் யாரும் ஸ்டார்ட் பண்ண முடியாது. அவள் அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, எல்லப்பனின் கத்தியை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

மேலே வந்தபோது கையில் ஒரு கொத்து சாமந்தி. மறுபடி போனாள். மூன்று தடவை போய் வந்தாள். நாலாவது தடவை சுருண்டு போன நைலான் நூலைப் பந்தாக எடுத்து அவன் மடியில் போட்டாள். அப்புறம் பின்பக்கமாகத் தொற்றி ஏறி, அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் முடியிலிருந்து தண்ணீர் அவன் முதுகில் சொட்டியது.

"எப்ப கத்துக்கின இதெல்லாம்?"

"சின்ன வயசுல. ராஜகுளம் ஊர்ல, பெரியம்மா வூட்டுக் கெணத்துல."

"எனக்குத் தெரியாதே ஜாஹிதா."

"நீங்க எங்க கூட இருந்தீங்க, தெரியறதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. பத்தொன்பது வருஷத்தில் இன்னும் என்னென்ன தெரியாமல் போயிற்றோ என்று நினைத்தான். கலங்கலின் சாரல் முகத்தில் அடித்தது.

"அரபிக்கு இன்னா சொல்லப் போறீங்க?" அவள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"வரலன்னு சொல்லிடறேன். இன்னிக்கே." அவன் கையைப் பின்னால் நீட்டினான். "அந்தக் கயித்தக் குடு."

"என் கையிலயே இருக்கட்டும்," என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அப்புறம் அவள் மணிக்கட்டிலிருந்து தொங்கிய கயிற்றின் மறுமுனையை இழுத்து வண்டியில் சொருகினான்.

"நான் வுழுந்தா வண்டி நின்னுடும் இல்ல?"

"நின்னுடும்."

"அப்ப எடுங்க," என்றாள் ஜாஹிதா.