த்வாண்டேயில் இல்லாத கற்கள்

1. இஞ்ச் டேப்

ஆற்றைக் கடந்து டலா கரைக்குப் போகும் ஃபெர்ரியில் உட்கார்ந்ததும், நான் கூட்டிப்போன டூரிஸ்ட் ராமலிங்கம் ஐயா பையிலிருந்து ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். தையற்கடை டேப் இல்லை, கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப். அவர் எதை அளக்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லவே இல்லை என்பதும் தெரியும்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், நான் டூரிஸ்ட் கைடு. லைசென்ஸில் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழி போட்டிருக்கும். அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் பர்மியம் என்று வளர்ந்தவள். அலுவலகத்தில் எனக்கு மா லெட்சுமி என்று பெயர். கொரோனாவுக்கு முன்பு, வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த வருஷங்களில் நடந்தது இது. இப்போது புதிதாக லைசென்ஸ் எடுக்கும் பிள்ளைகள் பகோடாவின் உயரத்தையெல்லாம் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது எதிலும் இல்லாத ஒரு பாடத்துக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் முதலாளி ஊ மோங் மோங். அவர் அம்மா தமிழ், அப்பா பர்மியர். தமிழ் பேசுவார், பாதி வழியில் பர்மியத்தில் இறங்கிவிடுவார். கம்பெனிக்குப் புது பிரோஷர் போட வேண்டும் என்று தன் மைத்துனர் மகனிடம் சொல்லியிருந்தார். அந்தப் பையன் இன்டர்நெட்டில் எங்கோ ஒரு சீமைக் கம்பெனியின் பக்கத்தைப் பார்த்து, ஊர் பெயரை மட்டும் மாற்றி அப்படியே இறக்கிவிட்டான். ‘சிறு குழு, ஒரே நாள் பயணம்: வரலாற்றுக்கு முந்தைய கற்சின்னங்களும் பேராலய நகரமும்’. பேராலய நகரம் சரி, யாங்கோனில் பேராலயம் இருக்கிறது. கற்சின்னத்துக்கு எங்கே போவது? ஒரு நாளில் போய்வர, டலாவுக்கு அப்பால் இருக்கும் த்வாண்டே வசதியாக இருந்ததால் அதைப் போட்டுவிட்டான். த்வாண்டேயில் கால்வாய் இருக்கிறது, வயல் இருக்கிறது, பானை சட்டி செய்கிறார்கள். கல் மட்டும் கிடையாது. அந்தப் பக்கம் முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். ரோடு போட ஜல்லியே வெளியூரிலிருந்து படகில்தான் வரவேண்டும்.

அலுவலகத்தில் ஆறேழு பேர் இருந்தோம். எல்லோரும் அந்த பிரோஷரைப் படித்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம், டீ குடிக்கப் போனோம். முதலாளியிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்குப் பர்மியத்தில் ஒரு சொல் உண்டு, அனாடே. எதிரில் இருப்பவர் மனம் கோணுமே என்று நமக்கு வாய் வராமல் போகிறதே, அது. பயம் என்று சொல்ல முடியாது, வெறும் மரியாதை என்றும் சொல்ல முடியாது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஓடுகிறது, தமிழ் ரத்தமாக இருந்தாலும்.

2. வந்தவர்கள்

கிருஷ்ணகிரி பக்கமிருந்து நான்கு பேர். ராமலிங்கம் ஐயா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் ஊரைச் சுற்றிக் குன்றெல்லாம் கல்திட்டையும் நெடுங்கல்லுமாம். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அவற்றை அளந்துகொண்டிருக்கிறார். பர்மாக் கல்லும் தன் ஊர்க் கல்லும் ஒரே ஜாதியா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கூட வந்த இரண்டு பேர் அவர் பள்ளியில் வேலை பார்த்த வாத்தியார்கள். அவர்களுக்குக் கல்லும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், வேளைக்கு நல்ல டீ கிடைத்தால் போதும்.

நான்காவது ஆள் ஐயாவின் சம்சாரம் மரகதம்மா. அவர் மடியில் ஈரத்துணி சுற்றிய ஒரு நீளப் பொட்டலம் இருந்தது. என்னவென்று கேட்டேன். பக்கத்து வீட்டு பிலோமினாக்கா கொடுத்தனுப்பிய மெழுகுவத்தி என்றார். பிலோமினாக்கா ரங்கூனில் பிறந்தவராம். இந்தப் பேராலயத்தில்தான் ஞானஸ்நானமாம். சின்னப் பெண்ணாகக் கப்பலேறிப் போனவர் திரும்பி வரவேயில்லை. இப்போது எழுந்து நடமாட முடியாமல் படுத்த படுக்கை. மரகதம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர். அந்த மெழுகுவத்தியை மாதா முன்னால் ஏற்றிவிட்டு வா என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. மறுநாள் விடிகாலையில் இவர்களுக்கு ஃபிளைட். ஆக, ஏற்றினால் அன்றைக்கு ஏற்ற வேண்டும்.

“சர்ச்சு எத்தனை மணி வரைக்கும் கண்ணு?” என்று கேட்டார்.

ஐந்து மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள் என்றேன். நேரத்தோடு போய்விடலாமா என்று கேட்டார். போயிடலாம்மா என்றேன். எனக்கும் அனாடே.

கரை இறங்கியதும் முதலாளிக்கு போன் போட்டு, கெஸ்ட் டேப்போடு வந்திருக்கிறார், என்ன காட்டுவது என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நீ இல்லைன்னு மட்டும் சொல்லிடாத லெட்சுமி. அவ்வளவு தூரம் வந்திருக்காங்க, அனாடே. ஊருக்குள்ள கேட்டுப் பாரு, எதாவது கல்லு கில்லு இருக்கும்.”

3. கேட்டுக்கொண்டே போனோம்

டலாவில் எங்களுக்காக வேனோடு காத்திருந்தவர் கோ அவுங். நல்ல டிரைவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்துவிட்டு, பானைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

பானைப் பட்டறையில் ஒரு பெரியவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். பழைய காலத்து நட்ட கல் எங்காவது இருக்கிறதா என்று பர்மியத்தில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பின்னால் டேப்போடு நின்ற ஐயாவைப் பார்த்தார். ஐயாவின் முகத்தில் அவ்வளவு ஆவல். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லப் பெரியவருக்கு மனம் வரவில்லை. கால்வாயைத் தாண்டி இரண்டாவது கிராமத்தில் இருந்தாலும் இருக்கும் என்று கையைக் காட்டிவிட்டுச் சக்கரத்துக்குத் திரும்பிவிட்டார். வாத்தியார்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மண் கூஜா வாங்கினார்கள்.

இரண்டாவது கிராமத்தில் டீக்கடைக்கார அம்மாள் டா நுவே. அவர் யோசிக்கவே இல்லை. இருக்கிறதே, வயலோரம் நெட்டுக்குத்தலாக நிற்கிறது, எங்கள் அப்பா காலத்திலிருந்து நிற்கிறது என்றார். ஐயா செருப்பு சேற்றில் புதையப் புதைய நடந்தார். போய்ப் பார்த்தால் வெள்ளம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க யாரோ நட்ட தூண். ஐயா மனம் தளராமல் உயரம், அகலம் எல்லாம் அளந்தார். பின்பக்கம் போனார். சிமெண்டு பெயர்ந்த இடத்தில் இரும்புக் கம்பி எட்டிப் பார்த்தது. அதையும் அளந்தார்.

“இது கொஞ்சம் பிற்காலம்” என்றார்.

திரும்பி வந்தபோது டா நுவே, எப்படி எங்கள் கல் என்று ஆசையாகக் கேட்டார். ஐயா இரண்டு கையாலும் பிரமாதம் என்று காட்டினார். அந்தச் சந்தோஷத்தில் அந்த அம்மாள் இன்னொரு கிராமத்தின் பெயரையும் சொல்லிவிட்டார்.

அந்தக் கிராமத்துப் பெண்கள் எங்களை வரவேற்றுப் பாய் விரித்து உட்கார வைத்து, பழைய கல் வேண்டும் என்றதும் ஒரு வீட்டுக்குள் ஓடினார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வட்டக் கல்லைத் தூக்கி வந்தார்கள். தனக்கா அரைக்கிற கல். இங்கே முகத்தில் மஞ்சளாகப் பூசுவோமே, அந்த மரப்பட்டைச் சாந்து. கொள்ளுப்பாட்டி காலத்துக் கல்லாம். ஐயா அதன் விட்டத்தை அளந்தார். பெண்கள் சும்மா இருப்பார்களா, அதிலேயே தனக்கா அரைத்து மரகதம்மாவின் இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிவிட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார். ஒரே நாளில் அவரையும் தொற்றிக்கொண்டது.

பிறகு ஒரு மடத்துக்குப் போனோம். அங்கே பெரிய பிக்கு சோறு போட்டு, மேற்கே போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார். மேற்கே போனோம். அங்கே உள்ளவர்கள் தெற்கே கை காட்டினார்கள். ஒவ்வொரு இடத்திலும் மரகதம்மா ஐந்து மணிக்குள் போய்விடலாமா என்று கேட்டார், நானும் ஒவ்வொரு இடத்திலும் போயிடலாம்மா என்றேன். பங்குனி வெயில். வேனுக்குள் ஏசி என்று ஒன்று இருந்தது, காற்று மட்டும் வரவில்லை. கடைசியாக அவர் ஈரத்துணியைப் பிரித்துக் காட்டினார். மெழுகுவத்தி வளைந்து தூண்டில் முள் மாதிரி ஆகியிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. துணியை மறுபடி நனைத்துச் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன் சீட்டில் கோ அவுங் அடுத்த கிராமத்துக்கு வழி கேட்க ஒரு சைக்கிள்காரரை நிறுத்திக்கொண்டிருந்தார். சைக்கிள்காரர் ஏற்கனவே கையைத் தூக்கிவிட்டார்.

4. சொன்னேன்

கோ அவுங்கிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பினேன்.

“ஐயா, இங்க அப்படிக் கல்லே கிடையாதுங்க. காலையிலயே எனக்குத் தெரியும். பிரோஷர்ல தப்பாப் போட்டுட்டாங்க.”

புகார் எழுதுவார், முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்புவார், லைசென்ஸ் போகும், எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. ஐயா இடுப்பிலிருந்து டேப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

“தெரியும்மா” என்றார். “அந்தச் சிமெண்டுத் தூணை அளக்கறப்பவே தெரிஞ்சு போச்சு. நீ பாவம், வேகாத வெயில்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக்கிட்டு வர்றே. போதும்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு அளந்துக்கிட்டே வந்தேன்.”

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார்களில் ஒருவர் கண்ணைத் திறக்காமலே, தனக்கும் சந்தேகம் இருந்தது என்றார்.

மரகதம்மாதான் பேசினார். கன்னத்தில் தனக்கா வெடித்துப் போயிருந்தது.

“இந்தப் பொண்ணுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒருத்தர் மனசை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டு ஊரைச் சுத்தினீங்க. என் மெழுகுவத்தி மட்டும் வேன்ல உக்காந்து உருகணும். நல்லா இருக்கு.”

கோ அவுங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் அன்று ஓட்டிய மாதிரி அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, பின்பும் ஓட்டியதில்லை.

5. கேட்டுக்கு வெளியே

ஃபெர்ரியிலிருந்து இறங்கி டாக்ஸி பிடித்துப் பேராலயத்துக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. அந்தச் செங்கல் கோபுரங்களில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் பிந்தியிருந்தோம். உள்ளே ஒரு வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைகூப்பிக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்ன சொல் மயபூ. முடியாது என்று அர்த்தம்.

காலையிலிருந்து எத்தனை பேரைக் கேட்டோம், ஒருவர் வாயிலிருந்தும் வராத சொல் இது. வந்த இடத்தைப் பாருங்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரகதம்மாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். கேட்டுக்கு வெளியிலேயே ஏற்றிவிடலாம் என்று தீக்குச்சி கிழித்தார். ஆற்றுக் காற்றில் நிற்கவில்லை. ஐயா முழங்கால் வலியோடு பக்கத்தில் உட்கார்ந்து தன் தொப்பியை மறைப்பாகப் பிடித்தார். அதற்கும் நிற்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் குச்சி குச்சியாகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு. கெஞ்சி என்ன ஆகப்போகிறது? அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் வேறு மாதிரி கேட்கத் தோன்றியது. வாட்ச்மேனிடம், “உள்ளே விட முடியாது, சரி அண்ணா. உங்களால் என்ன முடியும்?” என்று பர்மியத்தில் கேட்டேன்.

அவர் யோசித்தார். எழுந்து வந்து கேட் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினார். ஆளை விட உத்தரவில்லை, மெழுகுவத்தியை விட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்றார்.

வளைந்த மெழுகுவத்தியை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய், வளாகத்துக்குள் குகை மாதிரி கட்டியிருந்த மாதா கெபியில் நிறுத்திப் பார்த்தார். அது சாய்ந்தது. இரண்டு கல்லைப் பொறுக்கி முட்டுக்கொடுத்து ஏற்றினார். கெபிக்குள் காற்று இல்லை, சுடர் நின்றது. பிறகு அவரே முழங்காலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

மரகதம்மா போனில் வீடியோ கால் போட்டுக் கம்பிகளுக்கு நடுவே பிடித்தார். கிருஷ்ணகிரியில் ஒரு கட்டிலில், தலையணையில் சாய்ந்த ஒரு வெள்ளை முடித் தலை தெரிந்தது. பிலோமினாக்கா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். பிறகு குரல் வந்தது.

“ஏண்டி மரகதம், மெழுகுவத்தி ஏன் கோணலா இருக்கு?”

“அதை ஏன்க்கா கேக்கறே” என்று சொல்லிவிட்டு மரகதம்மா அழ ஆரம்பித்தார். கன்னத்துத் தனக்கா கரைந்து தாடையில் வழிந்தது. அந்தப் பக்கம் பிலோமினாக்கா சிரிப்பது கேட்டது. ஐயா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கோபுரத்தைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

மறுநாள் முதலாளியிடம் போய், பிரோஷர் தப்பு என்று நேராகச் சொன்னேன். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. கற்களை எடுத்துவிட்டார்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு காலையில் கெஸ்ட் வேனில் ஏறியதும் முதலில் நான் சொல்வது, அன்று எதெல்லாம் பார்க்க முடியாது என்பதைத்தான். முகம் கொஞ்சம் வாடும், வாடட்டும். வாடிய முகத்தோடு பத்து நிமிஷம் இருந்துவிட்டு, சரி, அப்போ என்ன முடியும் என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.